விடியற்காலை நாலரை மணிக்கு மூன்று புல்லட்

கேள்வி: திருப்பூர் நண்பர்கள் நாங்கள் ஆறு பேர், மூன்று புல்லட். போன மாதம் கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை பக்கம் ஒரு டென்ட் கேம்ப்பில் தங்கினோம். சூரிய உதயம் பார்க்க காலை நாலரைக்கு வண்டிகளை ஸ்டார்ட் செய்து, குளிருக்கு எஞ்சின் சூடாகட்டும் என்று ஐந்து நிமிடம் ஓடவிட்டோம். பக்கத்து டென்ட்டில் கைக்குழந்தையோடு இருந்தவர் எழுந்து வந்து கத்திவிட்டார். ஒரு வண்டியில்தான் பஞ்சாபி சைலென்சர் (சத்தம் கூடுதலாக வர வெளியில் வாங்கி மாட்டுவது), மற்ற இரண்டும் கம்பெனி சைலென்சர். சூடாக்காமல் எடுத்தால் எஞ்சின் போய்விடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். பொங்கல் லீவுக்கு மறுபடி அங்கேயே போகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வது முழுத் தவறில்லை, பழசாகிப்போன விஷயம். கார்புரேட்டர் வண்டியில் சோக்கை (குளிரில் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் குமிழ்) இழுத்து ஸ்டார்ட் செய்து, அணையாமல் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. அதற்கும் அரை நிமிடம் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகை விதி) புல்லட் என்றால் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். குளிருக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். ஆயில் சில நொடிகளில் மேலே ஏறிவிடும். பதினைந்து, இருபது நொடி விட்டு கியரைப் போட்டுக் கிளம்பலாம். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் முறுக்காமல் மெதுவாக ஓட்டுங்கள், அதுதான் நல்ல சூடேற்றம். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடும் எஞ்சின் ஆமை வேகத்தில்தான் சூடாகும். அதுவரை கூடுதலாகப் போகும் பெட்ரோல், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டிருக்கும். எஞ்சினைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதற்குக் கெடுதலும் செய்து, குழந்தையையும் எழுப்பியிருக்கிறீர்கள்.

அடுத்தது சத்தம். “இரண்டு வண்டி கம்பெனி சைலென்சர்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் 7.5 மீட்டர் தூரத்தில் முறுக்கிக்கொண்டு கடக்கும்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளருக்கான வரம்பு. அது சாலைக்கான கணக்கு. சும்மா நின்று ஓடும்போது சத்தம் அதைவிடக் குறைவுதான், ஆனால் நாலரை மணிக்கு மலையில் வேறு சத்தமே கிடையாதே. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த அளவுக்குப் பக்கத்தில் எந்த புல்லட்டும் வராது.

புல்லட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரியும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் ஓடினால் நொடிக்கு எட்டு முறை அடிக்கும். நாம் ரசிக்கிற அந்த ‘டப் டப்’ அதுதான். ஓடை இரைச்சல், மழை இரைச்சல் எல்லாம் சீராக வரும், அதில் தூங்கிவிடலாம். விட்டுவிட்டு அடிக்கும் சத்தத்தைக் காது சுலபத்தில் ஒதுக்காது. அதோடு அடித்தொண்டைச் சத்தம் வெகுதூரம் போகும். டென்ட் துணி அதைத் தடுக்காது, கனம் இருந்தால்தான் தடுப்பு. உள்ளே படுத்திருப்பவருக்கும் உங்கள் சைலென்சருக்கும் நடுவில் ஒரு குடைத்துணி, அவ்வளவுதான்.

இதில் பலர் செய்யும் தப்பு, “மூன்றையும் சேர்த்து ஸ்டார்ட் செய்யாமல் ஒவ்வொன்றாக எடுப்போம்” என்று நினைப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி மூன்று வண்டிக்குப் பதில் ஒன்று மட்டும் ஓடினால் குறைவது சுமார் 5 டெசிபல். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால்? திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். டென்ட்டிலிருந்து 5 மீட்டரில் நிற்கும் வண்டியை 40 மீட்டருக்குக் கொண்டுபோனால் தூரம் மூன்று முறை இரட்டிக்கிறது, 18 டெசிபல் போயிற்று. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும் என்பார்கள். அப்படியென்றால் 18 என்பது கிட்டத்தட்ட கால்வாசி. காசு செலவில்லாமல் கிடைக்கும் சைலென்சர் அந்த நாற்பது மீட்டர்தான்.

மலையில் இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும், சொல்லிவிடுகிறேன். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கிப் படுத்துக்கொள்ளும், அதற்கு மேலே இருப்பது சற்று வெதுவெதுப்பு. மேலே போயிருக்க வேண்டிய சத்தம் அதனால் கீழ்நோக்கி வளைந்து தரையோடு தரையாக ஓடும். பகலில் கேட்காத தூரத்துக்கு அந்நேரம் கேட்கும். அதனால் முடிந்தால் ஒரு வளைவு தாண்டியோ ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கமோ போய் ஸ்டார்ட் செய்யுங்கள். கேட்டுக்கு வெளியே என்றால் ஊர் ஆரம்பித்துவிடும், அதையும் பாருங்கள்.

ஊர் என்றதும் ஞாபகம் வருகிறது. பல வருடம் முன்பு அந்தப் பக்கமே ஒரு கேம்ப்பில் நானும் இதே வேலையைச் செய்திருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி, அணைந்துவிடாமல் இருக்க முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். வெயில் வந்து திரும்பியபோது, பூண்டு வயலை ஒட்டிய வீட்டு வாசலில் ஒரு பாட்டி நிறுத்திக் கேட்டார்: “ராத்திரி யாருக்கு தம்பி முடியல? ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனீங்களா?” அந்த நேரத்தில் அவசரமாக ஒரு வண்டி கிளம்பினால் அங்கே அதுதான் அர்த்தமாம். சூரியன் பார்க்கப் போனோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, தள்ளுவது எப்படி? புல்லட் 195 கிலோ. நாலரை மணிக்கு ஈரப்புல்லில் அதைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். எனவே வேலையை முந்தின சாயங்காலமே முடித்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே வாசலுக்குப் பக்கமாக, மூக்கு வெளியே பார்க்க, முடிந்தால் இறக்கத்தை நோக்கி நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைக் கல் வையுங்கள். பனியில் மண் இளகி வண்டி சாய்ந்தால் அந்தச் சத்தத்துக்கு எந்த சைலென்சரும் கிடையாது. பெட்டி, பை எல்லாம் இரவே கட்டிவிடுங்கள். காலையில் ஹேண்டில் லாக்கை எடுத்து, நியூட்ரலில், ஒருவர் இடதுபக்கம் நின்று ஹேண்டிலையும் முன் பிரேக்கையும் பிடிக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினால் போதும். ஆறு பேர் இருக்கிறீர்கள், ஒரு வண்டிக்கு இரண்டு பேர், கணக்கு சரியாக வருகிறது. திருட்டு அலாரம் மாட்டியிருந்தால் இரவில் அதை எடுத்துவிடுங்கள், அந்த ‘கீ கீ’யும் சத்தம்தான்.

வெளிச்சமும் இருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் பைக்குகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது. டென்ட் பக்கம் பார்த்தபடி ஸ்டார்ட் செய்தால் துணிக்குள் பகல் மாதிரி ஆகிவிடும். மூக்கை வெளியே திருப்பி நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இதைவிட எளிதாக ஒன்று செய்யலாம், நேரத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜனவரியில் கொடைக்கானலில் சூரியன் வர ஆறரைக்கு மேல் ஆகும். பூம்பாறையிலிருந்து டவுனுக்கே இருபது கிலோமீட்டர் அளவுதான். ஐந்தரைக்குக் கிளம்பினால் தாராளம். இருட்டில் வளைவுக்கு வளைவு காட்டுமாடு நிற்கும் சாலையில் நாலரைக்குப் போய் என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

எந்த நேரமானாலும், முந்தின இரவு சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து டென்ட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். “அண்ணே, காலைல அஞ்சரைக்குக் கிளம்புறோம். வண்டிய கேட் வரைக்கும் தள்ளிட்டுப் போய்த்தான் எடுப்போம்.” குழந்தை இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும், டென்ட்டை மாற்றிக் கேட்கவும் நேரம் இருக்கும். மீறி யாராவது வந்து சத்தம் போட்டால், எஞ்சினை அணைத்துவிட்டு “தப்புதாங்க” என்று சொல்லுங்கள். கம்பெனி சைலென்சர் என்ற வாதத்தை அங்கே எடுக்காதீர்கள்.

கடைசியாக அந்த பஞ்சாபி சைலென்சர். உள்ளே சத்தத்தை உடைக்கும் தடுப்பு இல்லாத வெறும் குழாய்க்கு என்னால் வக்காலத்து வாங்க முடியாது. தள்ளிக்கொண்டு போனாலும் அது கேட்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் இதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று இருக்கிறது, லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். கழற்றிய பழைய சைலென்சர் வீட்டுப் பரணில்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன். மாட்டும் முன் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று ஆடினால் தடுப்புத் தகடு விட்டுப்போயிருக்கிறது, புதிதுதான் வாங்க வேண்டும். ஆடவில்லை என்றால் அதையே மாட்டலாம், ஆனால் பென்ட் பைப் (எஞ்சினிலிருந்து வரும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில் பேக்கிங்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய பேக்கிங் வழியாகக் காற்று உள்ளே போனால், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு மாதிரி வெடிக்கும்.