ஆர்மரர் பதில்கள்: .22 தோட்டாவும் 1:7 குழலும்

கேள்வி: ஐயா, என்.சி.சி. கேம்ப்பில் நாங்கள் சுட்ட .22 ரைஃபிளும் பழைய .303-ம் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். .303-ஐ மாற்றித்தான் .22 செய்தார்கள் என்பது உண்மையா? என் பழைய நோட்டில் அதன் வேகம் நொடிக்கு 2,700 அடி என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?
– முன்னாள் கேடட், திருச்சி

முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதற்கு இல்லை.

நீங்கள் சுட்டது 'நம்பர் 2 மார்க் 4' வகையாக இருக்கும். 1926-ல் பிரிட்டிஷார் தங்கள் ரைஃபிள்களுக்கு எண் வைத்துப் பெயர் மாற்றினார்கள். .303 எஸ்.எம்.எல்.இ. (குட்டைக் குழல் லீ-என்ஃபீல்டு) நம்பர் 1 ஆனது, அதன் .22 பயிற்சி வடிவம் நம்பர் 2 ஆனது. பலவும் பழைய .303 உடம்பிலிருந்து வந்தவைதான். அடியில் மேகஸின் பெட்டி தொங்கும், ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் இருக்காது, தட்டும் இருக்காது. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும். சுட்ட வெற்றுக்கூடு அந்தப் பெட்டிக்குள் விழும். கூடு எண்ணிக் கொடுக்க வேண்டிய ரேஞ்சில் அது எத்தனை வசதி என்பது உங்களுக்கே தெரியும்!

உடம்பு ஒன்றானாலும் குழல் ஒன்றல்ல. குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்சுவரில் திருகுபோல வெட்டும் பள்ளங்களுக்கு ரைஃபிளிங் என்று பெயர், அது சுற்றும் வேகம்தான் முறுக்கு. .303 குழலில் 5 பள்ளங்கள், இடப்பக்க முறுக்கு, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தத் துளையில் .22 குண்டு சுவரையே தொடாது. அதனால் ஒன்று, புதுக் குழல் போட்டார்கள். அல்லது பழைய குழலைக் குடைந்து, ரைஃபிளிங் வெட்டிய எஃகுக் குழாயை உள்ளே செருகி ஈயப்பற்று வைத்தார்கள். இந்த இரண்டாவது வேலைக்குப் பெயர் போனது பர்மிங்காமின் பார்க்கர் நிறுவனம். எப்படிச் செய்தாலும் உள்ளே இருந்தது .22-க்கென்றே வெட்டிய, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் ரைஃபிளிங். அதனால்தான் குறி விழுந்தது.

2,700-ஐப் பேனாவால் அடித்துவிடுங்கள். .303 மார்க் 7 தோட்டாவே 2,440 அடிதான். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) ஸ்டாண்டர்டு தோட்டா 1,080-ஐ ஒட்டிப் போகும். நோட்டைப் பார்த்து நோட்டு எழுதுகிறவர்கள் இருக்கும்வரை இந்த 2,700 சாகாது.

உங்கள் பட்டாலியன் ரைஃபிளில் ஏதாவது ஒன்று மட்டும் 25 மீட்டரில் குண்டை வாரி இறைத்திருந்தால் முறுக்கைக் குறை சொல்லாதீர்கள். குழல் வாயைப் பார்த்திருக்க வேண்டும். துணித் துண்டு கட்டிய புல்த்ரூவை, அதாவது குழல் துடைக்கும் கயிற்றை, நேராக இழுக்காமல் சாய்த்து இழுத்தால் கயிறு வாயின் ஒரு ஓரத்தையே அறுக்கும். குண்டு கடைசியாகத் தொடுகிற இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் வெடிமருந்துக் காற்று ஒரு பக்கமாகப் பீய்ச்சும், குண்டு தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பும்.

கேள்வி: சார், நான் டெக்சஸில் இருக்கிறேன். .223 தோட்டா சுடும் என் ஏ.ஆர்-15 ரைஃபிளில், .22 சுடுவதற்கான கன்வர்ஷன் கிட் (மாற்றுப் பாகங்கள்) போட்டுச் சுடுகிறேன். குழலின் முறுக்கு 1:7, அதாவது 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஐம்பது கஜத்தில் க்ரூப்பிங் (ஓட்டைகளின் பரவல்) மூன்று அங்குலத்துக்குக் குறையவே மாட்டேன் என்கிறது. ரேஞ்சில் எல்லோரும் "உன் ட்விஸ்ட் அதிகம், ஈயக் குண்டு காற்றிலேயே சிதறும்" என்கிறார்கள். குழலை மாற்ற வேண்டுமா?
– ஹூஸ்டன் வாசகர்

சிதறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகத்தை 720-ஆல் பெருக்கி, முறுக்கு அங்குலத்தால் வகுத்தால் நிமிடச் சுற்று வரும். 1,080 அடி வேகத்தில் 1:16 குழல் தருவது 48,600. உங்கள் 1:7 தருவது சுமார் 1,11,000. பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் அதே குழலில் .223 குண்டு மூன்று லட்சம் சுற்றுகிறது. அதற்குச் செம்புச் சட்டை உண்டே என்பீர்கள். உண்டு. ஆனாலும் இந்த வேகத்தில் ஒரு லட்சத்துக்குச் சட்டையில்லாத ஈயமே தாங்கும்.

16 எங்கிருந்து வந்தது? 1879-ல் பிரிட்டனின் வுலிச்சில் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில் ஒரு சூத்திரம் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கு, குண்டின் நீளத்தால் வகு. 40 கிரெய்ன் (குண்டு எடையின் அலகு) .22 குண்டின் நீளம் சுமார் 0.46 அங்குலம். போட்டால் 16-ஐ ஒட்டித்தான் வரும். நீளக் குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும் என்பது இதில் அடக்கம். ஏ.ஆர்-15-ன் ராணுவ வடிவமான எம்16-ன் குழல் 1:12-ஆக இருந்தது எம்16ஏ2-வில் 1:7 ஆனதற்கு நேட்டோவின் நீளமான ட்ரேஸர் குண்டு (பாதை தெரிய ஒளிர்ந்து போவது) ஒரு முக்கியக் காரணம். உங்கள் குழல் அந்த வம்சம்.

அப்படியானால் கூடுதல் முறுக்கால் தீங்கே இல்லையா? உண்டு, அளவோடு. மலிவுத் தோட்டாவில் குண்டின் எடை மையம் அதன் நடு அச்சில் சரியாக இருக்காது. குழலுக்குள் இருக்கும்வரை சுவர் அதைப் பிடித்து வைத்திருக்கும். வாயை விட்டதும் அந்த விலகல், சைக்கிள் சக்கரத்துச் சேறு தெறிப்பதுபோல, குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். மையம் ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் 5 பங்கு விலகியிருக்கிறது என்று வையுங்கள். 50 மீட்டரில் 1:16 குழல் அந்தக் குண்டைச் சுமார் 10 மில்லிமீட்டர் தள்ளும், 1:7 குழல் 22 மில்லிமீட்டர். 50 மீட்டர் ரைஃபிள் போட்டி டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். போட்டிக்காரனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. உங்கள் மூன்று அங்குலத்துக்கு முழுக் கணக்கு இதில் வராது.

மீதியை கிட்டுக்குள் தேடுங்கள். .223 கூட்டின் வடிவில் ஓர் அடாப்டர் இருக்கும், அதற்குள்தான் .22 உட்காருகிறது. .223 கூடு 1.76 அங்குலம், .22 கூடு 0.61. ஆகவே கூட்டை விட்ட குண்டு ரைஃபிளிங்கைப் பிடிக்குமுன் ஓர் அங்குலத்துக்கு மேல் பிடிமானமில்லாமல் ஓடுகிறது. லேசாகச் சாய்ந்து பள்ளத்தில் ஏறினால் கடைசிவரை சாய்வுதான். மேலும் .22 எல்.ஆர். குழலின் பள்ள விட்டம் 0.222 அங்குலம், உங்களுடையது 0.224. மெத்தென்ற ஈயக் குண்டு அதில் தொளதொளக்கும், ஓரத்தில் காற்று கசியும். எல்லோரும் முறுக்கைத் திட்டுவது அது குழலின் மேலேயே எழுதியிருப்பதால்தான். குண்டின் இந்தப் பிடிமானமில்லாத தாவலை யாரும் எங்கேயும் எழுதி வைப்பதில்லை.

அடாப்டரைக் கழற்றி அதன் முன்முகத்தை விளக்கில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈயச் சீவல் பிறைபோல ஒட்டியிருந்தால் குண்டு அங்கே உரசிப் போகிறது என்று பொருள். துடையுங்கள், அடாப்டர் ஆடாமல் உட்காருகிறதா பாருங்கள். பிறகு மணல் மூட்டையில் வைத்து நான்கைந்து வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள்.

அதில் ஒன்று அகிலா நிறுவனத்தின் 60 கிரெய்ன் சப்சானிக் (ஒலியைவிட மெதுவாகப் போவது) ஆக இருக்கட்டும். .22 ஷார்ட் கூட்டில் நீளக் குண்டைப் பொருத்திய மெக்ஸிகோ சரக்கு. சாதாரண 1:16 குழலில் பல சமயம் நிலைகொள்ளாமல் புரண்டு, தாளில் சாவித் துவாரம் மாதிரி ஓட்டை போடும். உங்கள் 1:7-ல் நேராகப் போகும். சில கிட்டுகளில் போல்ட்டை முழுதாகப் பின்தள்ளாது, கையால் இழுக்க வேண்டிவரும்.

குழலை மாற்றுவதா? காசு இருந்தால் கிட்டைத் தூக்கிவிட்டு, .22-க்கென்றே செய்த 1:16 குழலோடு தனி அப்பர் (ரைஃபிளின் மேல்பாதி) வாங்குங்கள். முறுக்கு, விட்டம், தாவல் மூன்றும் ஒரே அடியில் சரியாகும். பழைய நம்பர் 2 ரைஃபிளுக்குச் செய்ததும் அதுதான். கிட்டோடுதான் இருப்பேன் என்றால் ஐம்பது கஜத்தில் இரண்டு அங்குலம் வந்ததும் நிறுத்திக்கொண்டு தகர டப்பா சுடுங்கள். இன்னொன்று: .22 ஈயம் சுட்ட குழலைத் துடைக்காமல் .223 சுடவே சுடாதீர்கள்.

கேள்வி: மாமாவிடம் லைசென்ஸ் உள்ள .315 ரைஃபிள் இருக்கிறது. பயிற்சிக்காக அதை .22 ஆக மாற்ற லேத் பட்டறையில் ஒருவர் சம்மதித்திருக்கிறார். முறுக்கு எவ்வளவு வைக்கச் சொல்லலாம்?
– கோவை வாசகர்

எதுவும் வைக்கச் சொல்லாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவில் துப்பாக்கியை மாற்றியமைப்பதே தனி லைசென்ஸ் வேண்டிய தொழில். பட்டறைக்காரரிடம் அது இருக்காது. மாமாவின் லைசென்ஸ் புத்தகத்தில் .315 என்று எழுதியிருக்கும், கையில் .22 இருக்கும். அதற்குப் பிறகு பேச வேண்டியது வக்கீலிடம். பயிற்சிதான் வேண்டும் என்றால் ஊரில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. உறுப்பினராகி அங்கே உள்ள .22-ல் சுடுங்கள். மாமாவின் .315-ஐ நேராகப் புல்த்ரூ போட்டு, எண்ணெய் தடவி வையுங்கள்.