வயலுக்கும் அரசியல் உண்டு

கேள்வி: சோவியத் காலத்து நிலக்காட்சி ஓவியங்களை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்களாம். தலைவர் படங்கள்தான் பிரச்சாரம், வயலும் பனியும் ஆறும் அரசியல் கலக்காதவை, தயங்காமல் ரசிக்கலாம் என்கிறார் என் நண்பர். சரியா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: சரியில்லை. ஃபியோதர் ஷூர்பின் 1946-48இல் வரைந்த 'நம் தாயகத்தின் காலை' படத்தைப் பாருங்கள். பெரும்பகுதி நிலமும் வானமும்தான். இளங்காலை வெளிச்சம், தூரத்தில் உழும் டிராக்டர்கள், மின்கோபுரங்கள். முன்னால் வெள்ளை உடையில் ஸ்டாலின். அவரைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாலும் 'இங்கே எல்லாரும் நலம்' என்றுதான் அந்த நிலம் சொல்கிறது. 1946-47இல் அதே நாட்டில் பஞ்சத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். படத்துக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அந்த வெளிச்சத்தை என்னால் ரசிக்க முடியவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில் நோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை நாங்கள். அந்தப் பனியும் பிர்ச் மரங்களும் எங்களுக்கு அப்படித்தான் அறிமுகம். அர்க்காதி பிளாஸ்தவ் தன் பிரிஸ்லோனிகா கிராமத்தை வாழ்நாள் முழுக்க வரைந்தவர். 1942இல் அவர் வரைந்த படத்தில் இலையுதிர்காலம், மஞ்சளேறிய மரங்கள், காய்ந்த புல். அந்தப் புல்லில் மாடு மேய்த்த சிறுவன் செத்துக் கிடக்கிறான். சுட்டுவிட்டுப் போகும் ஜெர்மன் விமானம் வானத்தில் சின்னதாகத் தெரிகிறது. போர்க்காலத்தில் அரசுக்கும் தேவைப்பட்ட படம்தான். ஆனால் அந்தப் புல்லை அவர் தினமும் மிதித்து நடந்திருக்கிறார், அது தெரிகிறது.

இன்றைய மவுசுக்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இயற்கையை நேரில் பார்த்து வரையும் பயிற்சியை சோவியத் கலைப்பள்ளிகள் விடவே இல்லை. கண்காட்சிக்கென்று இல்லாமல், வெளியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வரைந்த சின்னச் சின்னப் படங்கள் ஏராளம். அவற்றில் யாரும் உத்தரவு போட்டிருக்க முடியாத ஒரு மாலைநேரம் இருக்கும்.

அப்புறம், உங்கள் நண்பரிடம் அலெக்சாந்தர் கெராசிமவின் இரண்டு படங்களைக் காட்டுங்கள். ஒன்று 1935இல் தன் ஊர் வீட்டில் வரைந்த 'மழைக்குப் பிறகு'. வராந்தாவின் ஈரப் பலகைகள், மேசைமேல் பூக்கள், காற்றில் சாய்ந்து விழுந்த ஒரு கண்ணாடித் தம்ளர், அவ்வளவுதான். மற்றது, 1938இல் வரைந்தது: கிரெம்ளினில் ஸ்டாலினும் அவருடைய ராணுவத் தளபதி வரஷீலவும் நடக்கிறார்கள். அங்கேயும் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது; தரை அதே பளபளப்பு. வீட்டு வராந்தாவில் கண்டுபிடித்த ஈரத்தை மூன்றே வருடத்தில் தலைவரின் காலடிக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் படத்தில் அந்தத் தம்ளரை யாரும் எடுத்து நிமிர்த்தி வைக்கவில்லை.