சகலையின் ஐரோப்பாவும் உங்கள் டாப்-அப் கடனும்

கேள்வி: எனக்கு 43 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் ஒரு லட்சம் ரூபாய் கையில் வருகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் ஐந்தாம் வகுப்பும் படிக்கிறார்கள். பெங்களூரில் மென்பொருள் துறையில் இருக்கும் என் சகலை ஆண்டுக்கு இரண்டு முறையாவது குடும்பத்தோடு வெளிநாடு போய், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படங்களைப் போடுவார். அவற்றைப் பார்க்கும் நாளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. 2023 ஏப்ரலில் 2.5 லட்சம் தனிநபர் கடன் வாங்கித் தாய்லாந்து போனோம். 2024 மே மாதம் அதே கடனில் டாப்-அப் (பழைய கடனோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடன்) வாங்கிச் சிங்கப்பூரும் மலேசியாவும் போனோம். இந்த மே மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஐரோப்பா போகலாம் என்று சகலை வற்புறுத்துகிறார்; எங்கள் நால்வருக்கான முன்பணம் 80,000 ரூபாயைத் தன் கார்டிலேயே கட்டியும் விட்டார். எங்கள் பங்கு மொத்தம் 7 லட்சம் ஆகும். வங்கியின் ஆப் 10.5 லட்சம் வரை கடன் தயார் என்று காட்டுகிறது. வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, அல்லது ஹாலிடே கிளப் ஒன்றில் சேர்ந்துவிடலாமா? இந்தப் பொறாமையை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில்: வரவு செலவுக் கணக்கு எழுதுங்கள், அவசரகால நிதி சேருங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருக்கும் மாதச் செலவுப் பட்டியலே போதிய அளவு ஒழுங்காக இருக்கிறது. வீட்டுக்கடன் தவணை 24,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 13,500, குடும்பச் செலவு 38,000, காப்பீடும் சீட்டும் 8,000, பயணக் கடன் தவணை ஏறத்தாழ 10,900 எல்லாம் போக, 5,600 ரூபாய் மிஞ்சுகிறது. இரண்டு பிள்ளைகளோடு இந்த வருமானத்தில் இப்படி நடத்துவது எளிதன்று. உங்கள் வீட்டுக்குத் தீங்கு செய்துகொண்டிருப்பது சகலையின் படங்களும் அல்ல, பயணங்களும் அல்ல. முதல் பயணத்தின் கடனை அடைக்காமலேயே அதன் மீது இரண்டாவது பயணத்தை ஏற்றிய டாப்-அப் பழக்கம்தான்.

நடந்ததைத் தோராயமாகக் கணக்கிடுவோம். 2023இல் வாங்கிய 2.5 லட்சம், 14 சதவீத வட்டியில், மூன்றாண்டுத் தவணை. மாதம் 8,500 ரூபாய்க்குச் சற்று அதிகம். அதை அப்படியே கட்டி வந்திருந்தால் வரும் ஏப்ரலோடு தாய்லாந்துக் கணக்கு தீர்ந்திருக்கும். ஆனால் பதின்மூன்று தவணை கட்டியிருந்த நிலையில், மீதமிருந்த 1.7 லட்சத்தோடு சிங்கப்பூருக்கான 3 லட்சத்தையும் சேர்த்து 4.7 லட்சத்தை ஐந்தாண்டுக்கு மாற்றிக்கொண்டீர்கள். தவணை 2,400 ரூபாய்தான் கூடியது என்று கடிதத்தில் ஓரளவு நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். கூடியது தவணை மட்டும் அன்று. 2026 ஏப்ரலில் முடிய வேண்டிய தாய்லாந்து, 2029 மே வரை நீண்டுவிட்டது. இந்த ஜனவரி வரை 33 மாதங்களில் சுமார் 3.3 லட்சம் கட்டியிருக்கிறீர்கள், வாங்கிய 5.5 லட்சத்தில் இன்னும் ஏறத்தாழ 3.48 லட்சம் பாக்கி. அந்தப் பாக்கியில் ஒன்றேகால் லட்சம் இன்னமும் தாய்லாந்துக்குரியது. டாப்-அப் கடன் வங்கிகளுக்குப் பிடித்தமானதாக இருப்பதன் காரணம் இதுதான்: புதிய கடனின் பாரம் தெரியாதபடி, பழைய கடனின் ஆயுளை அது சத்தமில்லாமல் நீட்டிவிடும்.

இப்போது ஐரோப்பாவைச் சேர்த்துப் பாருங்கள். 3.5 லட்சம் பாக்கியும் 7 லட்சம் புதுக் கடனும் சேர்ந்தால் ஆப் காட்டும் அந்தப் 10.5 லட்சம் வந்துவிடுகிறது. அது தற்செயலாக வந்த தொகை என்று எனக்குத் தோன்றவில்லை. அதே 14 சதவீதத்தில் ஆறாண்டுத் தவணை என்றால் மாதம் 21,600 ரூபாய். மொத்த வட்டி மட்டும் ஐந்து லட்சத்தைத் தாண்டும். இன்றைய தவணையைவிட இது 10,700 ரூபாய் அதிகம். உங்களிடம் மிஞ்சுவதோ 5,600. மாதந்தோறும் விழும் ஐயாயிரம் ரூபாய் துண்டு கிரெடிட் கார்டுக்குத்தான் போகும். அங்கே நிலுவைக்குப் பெரும்பாலும் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டியும், அந்த வட்டியின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. இதைவிட முக்கியமான தேதி ஒன்று இருக்கிறது. உங்கள் மகள் 2029 ஜூனில் கல்லூரிக்குப் போவாள். இன்றைய கடன் 2029 மே மாதம், அதாவது கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு மாதம் முன்பு முடிகிறது. ஐரோப்பாவையும் சேர்த்துக்கொண்டால் அது 2032 வரை போகும். மூன்றாண்டுக் கல்லூரிச் செலவும் பயணத் தவணையும் ஒன்றாக வந்து நிற்கும்.

அடமானமில்லாத நுகர்வுக் கடன்கள் பெருகுவதைக் கண்டு 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, அத்தகைய கடன்களுக்கான இடர் எடையை, அதாவது கடனுக்கு ஈடாக வங்கி எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவை, 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. மத்திய வங்கிக்கு வந்த அந்தக் கவலை உங்கள் செல்பேசியில் பளபளக்கும் ‘முன் ஒப்புதல்’ பொத்தானை இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

பொறாமையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் மனநல மருத்துவன் அல்லன். அந்த உணர்வை ஒழிப்பதற்கு என்னிடம் வழியில்லை, ஒழித்தே ஆக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நெருங்கிய உறவில் ஒருவர் வசதியாக வாழும்போது மனம் சுருங்குவது ஊரில் புதிதன்று. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் தேதிகள் எனக்கு வேறொன்றைச் சொல்கின்றன. சகலை துபாய் போய் வந்த பத்தே நாளில் முதல் கடன். மைத்துனியின் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பாலிப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வாரத்தில் டாப்-அப். பொறாமை வந்ததற்கும் பணம் கணக்கில் விழுந்ததற்கும் நடுவே இரண்டு வாரம்கூட இல்லை. முன்பெல்லாம் கடன் கேட்டு வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து, சம்பளச் சான்று கொடுத்து, காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதிப் பேருக்கு ஆசை தணிந்துவிடும். இப்போது இரவு பதினொரு மணிக்குப் படுக்கையிலேயே கடன் கிடைக்கிறது. ஆகவே பொறாமைக்கும் பணத்துக்கும் நடுவே தூரத்தை உண்டாக்குங்கள். வங்கிக்கு எழுதி, கடன் சலுகைகளுக்கான உங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெறுங்கள். சகலையின் ஸ்டேட்டஸை மியூட் செய்துவிடுங்கள். அது அவருக்குத் தெரியாது, உறவும் கெடாது.

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: ‘அவனும் கடன் வாங்கித்தான் போயிருப்பான், விடு.’ இதை நம்பி மனத்தைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் சகலை கடன் வாங்காமலே போகக்கூடியவராக இருக்கலாம். அவரும் மனைவியும் சேர்ந்து மாதம் மூன்றரை லட்சம் ஈட்டுவதாக நீங்களே ஊகிக்கிறீர்கள். அப்படியானால் 7 லட்சம் அவர்களுக்கு இரண்டு மாத வருமானம், உங்களுக்கு ஏழு மாத வருமானம். அவர் நியாயமாகவே போய் வருகிறார் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட மாறுவதில்லை. அவருடைய இரண்டு மாதத்தை உங்கள் ஆறு ஆண்டுகளால் ஈடுகட்ட முயல்வதுதான் இங்கே பிழை.

மற்ற இரண்டு யோசனைகளுக்கும் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். நகைக்கடனின் வட்டி பொதுவாகத் தனிநபர் கடனைவிடக் குறைவு என்பது உண்மை; ஆனால் உங்கள் மனைவியின் நகை, அவர் கேட்காத ஒரு பயணத்துக்காக வங்கிப் பெட்டகத்துக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. கடிதம் முழுவதிலும் ‘என் மனைவி ஆசைப்படுகிறாள்’ என்று ஒரு வரிகூட இல்லாததைக் கவனித்தேன். ஹாலிடே கிளப் உறுப்பினர் திட்டத்தில் சில லட்சங்களை முதலில் கொடுத்துவிட்டு, ஆண்டுதோறும் ஏறக்கூடிய பராமரிப்புக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் அறை மட்டுமே. விமானக் கட்டணமும் சாப்பாடும் உங்களுடையவை. பள்ளி விடுமுறையான மே மாதத்தில் அறை கிடைப்பதும் உறுதியில்லை. வேண்டாம் என்று விற்கப் போனால் வாங்க ஆளிருக்காது. ‘இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்’, ‘வட்டியில்லாத தவணை’ என்று பயணத் தளங்கள் காட்டும் திட்டங்களும் இதே ரகம்தான். வட்டியே இல்லாத தவணை என்று எதுவும் கிடையாது, அது செயலாக்கக் கட்டணம் போன்றவற்றில் மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஏப்ரலில் வரும் ஊக்கத்தொகை 80,000 ரூபாயை அப்படியே கடனுக்குக் கட்டுங்கள். 2027 ஏப்ரலிலும் அதையே செய்யுங்கள். தவணைத் தொகையைக் குறைக்கச் சொல்லாமல், காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிச் செய்தால் 2029 மே வரை போக வேண்டிய கடன் 2027 நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். தனிநபர் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுபவை என்பதால், பகுதித் தொகையை முன்கூட்டியே கட்டுவதற்கு எவ்வளவு கட்டணம் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்த பிறகு, மகள் கல்லூரிக்குச் செல்வதற்குள் 18 மாதங்களுக்கு மாதம் 10,900 ரூபாய் உங்கள் கையில் இருக்கும். அது ஏறத்தாழ இரண்டு லட்சம்.

பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மிஞ்சும் 5,600 ரூபாயில் 2,500 ரூபாயை இந்த மாதத்திலிருந்தே தனி ஆர்.டி. (தொடர் வைப்பு) கணக்கில் போடுங்கள், 2027 மே மாதத்துக்குள் 40,000 ரூபாய் சேரும். மகள் அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருப்பாள். ரயிலில் நால்வரும் ஒரு வாரம் போய் வர அது போதும். எங்கே போவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். உங்கள் சம்பளத்தில் எல்டிஏ (விடுப்புப் பயணப் படி) இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் தொடர்ந்தால், உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு வரிவிலக்கும் கிடைக்கும். 2026 முதல் 2029 வரையிலான நான்காண்டுத் தொகுப்பில் இரண்டு பயணங்களுக்கு அது உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

இறுதியாக, சகலை கட்டிய 80,000. இதுதான் உண்மையில் அவசரம். பயண நிறுவனங்களின் ரத்துக் கட்டணம் பொதுவாகப் புறப்படும் நாள் நெருங்க நெருங்க ஏறும். ஆகையால் இந்த வாரமே ரத்து விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்லதாயிற்று. பெரியவர்களுக்கும் மகளுக்கும் தலா 90 யூரோ, மகனுக்கு 45 யூரோ என்று மொத்தம் 315 யூரோ, முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. முன்பணத்தில் எவ்வளவு பிடித்தாலும் அந்தத் தொகையைச் சகலைக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள். ஒருமுறையில் முடியாவிட்டால் மாதம் 3,000 ரூபாயாகத் தருவதாகச் சொல்லுங்கள். எண்பதாயிரமும் போய்விட்டாலும் ஐந்து லட்சம் வட்டியோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான். காரணம் கேட்டால் மகளின் பொதுத்தேர்வு, அலுவலகத்தில் விடுப்பில்லை என்று எதையாவது சொல்லி வைக்காதீர்கள், ஏனென்றால் அந்தக் காரணம் முடிந்ததும் அடுத்த அழைப்பு வரும். ‘இப்போது இருக்கும் கடன் முடியும் வரை நாங்கள் வெளிநாடு போவதாக இல்லை, நீங்கள் போய் வாருங்கள்’ என்று உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதே பதிலை மைத்துனியிடமும் அவர் சொல்லட்டும்.