சவாரிக்குக் கோவேறு கழுதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்): பண்ருட்டிப் பக்கம் இருக்கும் முந்திரித் தோப்பைச் சுற்றிவரச் சவாரிக்கு ஒரு கோவேறு கழுதை வாங்க எண்ணம். மலையில் மூட்டை சுமந்த உருப்படி ஒன்றைத் தரகர் காட்டுகிறார். என் எடை 70 கிலோ. தாங்குமா?

பதில்: தரகர் வாயை நம்பாமல் அளந்து பாருங்கள். தையல் டேப் 150 செ.மீ.யோடு முடிந்துவிடும், சணல் கயிறு எடுத்துப் போங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து புட்டத்து முனை வரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். குதிரைக்கான கணக்குதான், இதற்கும் ஏறக்குறையப் பொருந்தும். சுற்றளவு 150 செ.மீ., நீளம் 140 செ.மீ. என்றால் சுமார் 265 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 53 கிலோதான் சவாரிக்கு ஏற்ற பாரம். உங்களுக்கும் சேணத்துக்கும் சேர்த்து 80 கிலோ வைத்தால், 400 கிலோ உருப்படி வேண்டும். சந்தையில் அவ்வளவு பெரிதாக எளிதில் அமையாது.

இன்னொன்று. மூட்டை சுமந்தது சவாரிக்குப் பழகியதாகிவிடாது. முன்னால் போகும் விலங்கின் வாலைப் பார்த்தே நடந்து பழகியிருக்கும். கடிவாளம் சொன்ன பக்கம் திரும்பத் தெரியாது. மூட்டை பாறையில் இடிக்காமலிருக்கப் பாதையின் ஓரத்தையே பிடித்து நடக்கும். வாங்கினால் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், விலையையும் அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம் வாசகர்): ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போகிறேன். என்ன பார்த்து வாங்குவது?

பதில்: அங்கே குதிரைதான் அதிகம், கோவேறு கழுதைக்குத் தேடி அலைய வேண்டியிருக்கும். நம்மவர்கள் சுழி பார்த்தே அரை நாளைக் கழிப்பார்கள். அந்த நேரத்தில் பாதியைக் குளம்புக்குக் கொடுக்கலாம். நான்கு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்க விடாத உருப்படிக்கு லாடம் அடிப்பது ஒவ்வொரு முறையும் சண்டைதான். கெட்டித் தரையில் நேராக நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பாருங்கள். முன்னங்காலில் நோவிருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்.

முதுகில் திட்டுத்திட்டாக வெள்ளை முடி தெரிந்தால் பழைய சேணப் புண் ஆறிய தழும்பு. காதைத் தொட்டதும் தலையைப் பிடுங்கினால், யாரோ காதை முறுக்கி அடக்கியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். வெட்டும் பற்களில் நடுப்பல் இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், கடைசி நாலரையிலும் விழுந்து முளைக்கும். இந்தப் பற்கள் எல்லாம் முளைத்துச் சேர்ந்ததைத்தான் சவாரிக்கு எடுக்க வேண்டும்.

துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முன்பு கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் விலங்கைக் கொன்றுவிடுவார்கள்.

கேள்வி (வில்லியனூர் வாசகர்): ஆண் கோவேறு கழுதை மலடுதானே, அதற்கு எதற்குக் காயடிப்பு?

பதில்: தாய்க்குதிரைக்கு 64 குரோமோசோம், தகப்பன் கழுதைக்கு 62, பிள்ளைக்கு 63. அதனால்தான் மலடு. ஆனால் விதை ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது, முரட்டுக் குணமும் கூடவே வருகிறது. காயடிக்காததைச் சவாரிக்கு வாங்காதீர்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகர்): நாலு அடி நடக்கிறது, பிறகு சிலை மாதிரி நிற்கிறது. அடித்தாலும் அசையவில்லை. எப்படிப் பழக்குவது?

பதில்: அடிப்பதை நிறுத்துங்கள். குதிரை மிரண்டால் ஓடும். இது நின்று யோசிக்கும். யோசிக்கிற நேரத்தில் விழுந்த அடியை அது மறக்காது.

முதல் இரண்டு வாரம் ஏறவே கூடாது. தலைக்கயிறு, மூன்று மீட்டர் கயிறு, காலையும் மாலையும் 15 நிமிடம். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். நேராக இழுத்தால் அது பின்னுக்குச் சாயும், அந்த இழுபறியில் நீங்கள் தோற்பீர்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். நிலை குலைந்து ஒரு கால் எடுத்து வைத்தே தீரும். வைத்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். பாடம் அந்தத் தளர்வில்தான் இருக்கிறது. இரண்டு நொடி தாமதித்தால் எதற்குத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. பிறகு சாக்கு, குடை, பைக் சத்தம் என்று ஒவ்வொன்றாய்ப் பழக்குங்கள். நிற்பது எப்போதும் தோளருகே. பின்னங்காலால் பக்கவாட்டிலும் முன்பக்கமாகவும்கூட உதைக்கும்.

குதிரைக்கு இருப்பதுபோல் இதற்குத் தோள்மேடு எழும்பியிருக்காது. இறக்கத்தில் சேணம் கழுத்துக்கு வழுக்கும். அதைப் பிடிக்க வாலுக்கு அடியில் போகும் வால்வார் தேவை. மழமழப்பான தோலாக, கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் உராய்ந்து துள்ளும். வயிற்றுவாரை ஒரே இழுப்பில் கட்டாதீர்கள், அது வயிற்றை உப்பிக்கொள்ளும். நடக்கவிட்டு மூன்று தடவையாக இறுக்குங்கள்.

மூன்றாவது வாரம், ஒருவர் தலையைப் பிடித்திருக்க, சேணத்தின் குறுக்கே வயிற்றை வைத்துச் சாய்ந்து இறங்குங்கள். மறுநாள் ஒரு நிமிடம் உட்காருங்கள். கடிவாளத்தின் இரு வாரையும் சேர்த்து இழுத்தால் கழுத்தை விறைத்துக்கொண்டு ஓடிவிடும். ஒரு வாரை மட்டும் மெல்ல இழுத்து அதன் மூக்கை உங்கள் முழங்கால் பக்கம் திருப்பி நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். முதலில் நின்ற இடத்தில், பிறகு நடையில். வேகத்தில் திடீரென்று இப்படி இழுத்தால் இரண்டு பேரும் விழுவீர்கள்.

கெடிலம் ஆற்றுத் தண்ணீரைக் கண்டு நிற்கிறதா? ஆழம் அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். குனிந்து முகர விடுங்கள், முன்னால் ஒரு பழகிய மாட்டை இறக்குங்கள்.

கேள்வி (பாகூர் வாசகர்): தீவனத்தில் என்ன கவனம்?

பதில்: மாட்டுத்தீவன மூட்டையை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரை இனத்தின் இதயத்தைக் கொல்லும். வேலியில் அரளி இருந்தால் வெட்டுங்கள், ஒரு கைப்பிடி இலை போதும். காய்ந்த புல்தான் அடிப்படை உணவு; தானியத்தைக் கொட்டிக் கொழுக்க வைத்தால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டில் ஈரமாயிருந்தால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாறும். தினமும் சுரண்டிக் காயவையுங்கள்.

மணல் பூமியாக இருந்தால் தரையில் போட்டுத் தீவனம் வைக்காதீர்கள். மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். ஐந்தாறு சாண உருண்டையைக் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் கரைத்து வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு தேக்கரண்டி அளவு மணல் தங்கினால், புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்புங்கள்.