வார்சாவிலிருந்து நான்கு நாள்: போட்லாஷியேவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: வார்சாவில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் அம்மா, அப்பா வருகிறார்கள். கிராகோவ் கூட்டம் வேண்டாம் என்று வடகிழக்கில் போட்லாஷியே போகலாம் என நினைக்கிறோம். கையில் நான்கு நாள், கார் இருக்கிறது. பியாவோவியெஜா காடு, பியெப்ஷா சதுப்பு நிலம், சுவாவ்கி ஏரிகள், பியாவிஸ்டோக் நகரம் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? காட்டெருதுவை (ஐரோப்பிய பைசன்) பார்க்க முடியுமா? அப்பாவுக்கு மூட்டு வலி. இருவரும் சைவம்.

எல்லாவற்றையும் பார்க்கப் போனால் பாதி நாள் காரிலேயே கழிந்துவிடும். சுவாவ்கி வடக்குக் கோடி, பியாவோவியெஜா தென்கிழக்குக் கோடி. பியெப்ஷாவுக்கு உரிய காலம் ஏப்ரல், மே. ஆறு பெருகி, புல்வெளி முழுக்கத் தண்ணீர் நின்று, வலசைப் பறவைகள் இறங்கும் நேரம் அது. ஆகவே அந்த இரண்டையும் இந்தத் தடவை தயங்காமல் விட்டுவிடுங்கள். தெற்கு வழியாகப் போய்க் காட்டில் இரண்டு இரவு, பியாவிஸ்டோக்கில் ஒரு இரவு, பிறகு எஸ்8 சாலையில் வார்சா. போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

முதல் நாள் ஷெமியாதிச்சே ஊரைத் தாண்டியதும் கிரபார்கா குன்றில் நிறுத்துங்கள். போலந்தின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு மிக முக்கியமான புனிதத் தலம். சிறிய தேவாலயத்தைச் சுற்றிலும் யாத்ரீகர்கள் சுமந்து வந்து நட்ட சிலுவைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஆளுயர மரச்சிலுவைக்குப் பக்கத்திலேயே விரல் நீளச் சிலுவையும் இருக்கும். ஆகஸ்ட் 19 திருவிழா முடிந்திருக்கும் என்பதால் செப்டம்பரில் அமைதியாகப் பார்க்கலாம். அங்கிருந்து ஹைனூவ்கா வழியாக மாலைக்குள் பியாவோவியெஜா சேர்ந்துவிடலாம்.

இரண்டாம் நாள் முழுவதும் காட்டுக்கு. யுனெஸ்கோ 1979-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த காடு இது. இதன் மையப் பகுதி 1921 முதல் கடும் பாதுகாப்பில் இருக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அதற்குள் போக முடியாது. ஆங்கிலம் பேசும் வழிகாட்டிகள் ஊரிலேயே கிடைப்பார்கள், ஆனால் முன்பதிவு அவசியம். அந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே நீங்கள் பார்க்கப்போவது உயர்ந்த ஓக் மரங்களை மட்டும் அல்ல, விழுந்த மரங்களையும்தான். சாய்ந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றைக் குனிந்து பாருங்கள். பட்டை கழன்ற இடத்தில் வண்டு குடைந்த கோடுகள், அதன்மேல் பாசி, பாசியில் வேர் பிடித்து நிற்கும் விரல் உயர ஸ்புரூஸ் கன்றுகள். மூவிரல் மரங்கொத்தி பிழைப்பது இப்படிப் பட்டுப்போகும் மரங்களை நம்பித்தான். எந்த மரத்தையும் அப்புறப்படுத்தாமல் விட்டதால்தான் இது காடாக இருக்கிறது. பட்டை வண்டைக் காரணம் காட்டி, இந்த மையப் பகுதிக்கு வெளியே போலந்து அரசு மரம் வெட்ட அனுமதித்தது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உள்ளே நடந்தால்தான் புரியும்.

பாதை சமதளம், ஏற்றம் கிடையாது. ஆனால் வழக்கமான சுற்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பாவின் மூட்டு வலியைச் சொல்லி, பாதியில் திரும்பும் நடையாகக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் அரண்மனைப் பூங்கா போதும். ரஷ்ய ஜார் மன்னரின் அரண்மனை இப்போது இல்லை, நுழைவாயிலும் 1845-ல் கட்டிய மர வீடும் மிச்சம். குளத்துக்கு அருகே ஒரு கல்தூண் இருக்கும். மூன்றாம் அகஸ்ட் மன்னர் 1752-ல் ஒரே வேட்டையில் 42 காட்டெருதுகளைக் கொன்றதைப் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் காட்டின் கடைசிக் காட்டெருது 1919-ல் சுடப்பட்டது. உயிர்க்காட்சிசாலைகளில் மிஞ்சியவற்றில் வெறும் 12 விலங்குகளிலிருந்து இனத்தை மீட்டு, 1952-ல் மறுபடியும் காட்டில் விட்டார்கள். இப்போது உலகிலுள்ள ஐரோப்பியக் காட்டெருதுகள் அத்தனையும் அந்தப் பன்னிரண்டின் வழிவந்தவை. நிச்சயம் பார்க்கலாம் என்று யாரும் வாக்குத் தர முடியாது. காட்டோரப் புல்வெளிகளில் விடியற்காலையில் வாய்ப்பு அதிகம். கண்ணில் பட்டால் ஐம்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் அடைப்புக்குள் வைத்துக் காட்டும் காப்பகம் இருக்கிறது, அங்கே நிச்சயம் பார்க்கலாம். செப்டம்பர் நடுவில் வந்தால் கலைமான்கள் இணை தேடிப் பிளிறும் சத்தம் அதிகாலையில் கேட்கும். எனக்குக் காட்டெருதுவைவிட அதுதான் பெரிது.

மூன்றாம் நாள் பியாவிஸ்டோக் போகும் வழியில் சோட்சே, புஹ்வி கிராமங்களுக்குள் நுழைந்து செல்லுங்கள். செதுக்கு வேலை செய்த ஜன்னல் கதவுகள் கொண்ட மர வீடுகள், புஹ்வியில் நீல நிறத் தேவாலயம். நாரைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே கிளம்பிவிடும், கூடுகள்தான் இருக்கும். மதியம் பெலாரஸ் எல்லைப் பக்கமுள்ள க்ருஷினியானி. போரில் தனக்காக நின்ற டாடர் முஸ்லிம் வீரர்களுக்குச் சம்பளப் பாக்கிக்கு ஈடாக மன்னர் யான் சொபியெஸ்கி 1679-ல் நிலம் கொடுத்த ஊர். பச்சை வண்ணம் பூசிய மர மசூதி இரண்டு கோபுரத்தோடு, தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் போலவே தெரியும்.

பியாவிஸ்டோக்கில் பிரானிட்ஸ்கி அரண்மனையும் தோட்டமும் மாலை நடைக்குப் போதும். எஸ்பெராண்டோ மொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1859-ல் பிறந்த ஊர் இது. கடைசி நாள் வார்சா திரும்பும்போது டிகோச்சின். 1642-ல் கட்டிய யூத ஜெபக்கூடத்தின் உள்சுவர்களில் எபிரேயப் பிரார்த்தனைகள் எழுதப்பட்டிருக்கின்றன. இப்போது அது அருங்காட்சியகம். ஊரின் யூதர்களில் ஏறக்குறைய அனைவரையும் நாஜிகள் 1941 ஆகஸ்டில் பக்கத்துக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். ஊருக்கு வெளியே அந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கேயும் போய் வாருங்கள். போலந்தில் அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துக் கிளம்புங்கள்.

சாப்பாடு: பியெரோகி ருஸ்கியே உருளைக்கிழங்கும் தயிர்ப் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை, சைவம்தான். ஆனால் மேலே பன்றிக் கொழுப்பு வறுவல் தூவித் தருவார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சொன்னால் தூவாமல் தருவார்கள். உருளைக்கிழங்கு 'பாப்கா'வில் இறைச்சி கலப்பது வழக்கம், கேட்காமல் வாங்காதீர்கள். ஹைனூவ்காவின் 'மார்ச்சினெக்', மெல்லிய அடுக்குகளுக்கிடையே புளிப்புக் கிரீம் தடவிய கேக். முட்டை சேர்ப்பார்கள் என்பதால் பெற்றோர் முட்டை சாப்பிடுவார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். உண்ணி பரப்பும் மூளையழற்சி இந்தப் பகுதியில் உண்டு. தடுப்பூசியின் முதல் இரண்டு ஊசிக்கு இடையே பொதுவாக 1 முதல் 3 மாதம் விடுவார்கள், எனவே இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். லைம் நோயையும் உண்ணிதான் பரப்புகிறது, அந்தத் தடுப்பூசி இதற்கு உதவாது. முழுக்கை, முழுக்கால் உடை போட்டு, இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காது மடல் பின்புறம் பாருங்கள். கடித்த இடத்தில் சில நாள் கழித்துச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லையோரம் போவதால் எல்லோரும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். போலந்து அரசு 2024 ஜூனில் பெலாரஸ் எல்லையை ஒட்டி நுழைவுத் தடை கொண்டுவந்து, பிறகு நீட்டித்து வந்தது. கிளம்பும் வாரத்தில் எல்லைக் காவல்படையின் அறிவிப்பைப் பாருங்கள். தடைப் பலகை நின்றால் அதைத் தாண்டி ஒரு அடியும் வேண்டாம். போனில் நெட்வொர்க் தேர்வைக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பெலாரஸ் டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் கட்டணம் ஏறும். அப்புறம், இருட்டிய பிறகு காட்டுச் சாலையில் வண்டி ஓட்டாதீர்கள். கடமான் குறுக்கே வரும் இடம் அது.