லினக்ஸ் டிரைவரில் சஸ்பெண்ட், ரெசியூம் வசதியைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஐ2சி பஸ்ஸில் (சிப்களை இணைக்கும் இரண்டு கம்பித் தொடர்பு) இணையும் சென்சார் சிப் ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறேன். மற்ற நேரங்களில் நன்றாக வேலை செய்கிறது. போர்டை உறங்க வைத்து எழுப்பினால் சென்சார் பதில் தருவதில்லை. சில வேளைகளில் உறங்கப் போகும்போதே கெர்னல் லாகில் ஐ2சி பிழை வருகிறது. எங்கே தொடங்க வேண்டும்?

பதில்:

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு. எழுந்தபின் சென்சார் பதில் தராததற்குக் காரணம், பெரும்பாலும், மின்சாரம் நின்று மீண்டும் வந்ததில் சிப்பின் ரெஜிஸ்டர்கள் (அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்கள்) தொடக்க மதிப்புகளுக்குத் திரும்பியிருப்பதுதான். உறங்கப் போகும்போது வரும் பிழையோ, ஐ2சி கன்ட்ரோலர் உறங்கிவிட்ட பிறகும் உங்கள் டிரைவரின் ஏதோ ஒரு பகுதி அதன் வழியே சிப்பைத் தொட முயல்வதைக் காட்டுகிறது. முதலாவதை எளிதாகச் சரிசெய்துவிடலாம். இரண்டாவதுதான் உண்மையான வேலை. கிளாக்கையும் ரெகுலேட்டரையும் (சிப்புக்கு மின்சாரம் தரும் பகுதி) நிறுத்துவது, உறங்கப் போகும்போது கெர்னல் அழைக்கும் சஸ்பெண்ட் ஃபங்ஷனின் கடைசிச் சில வரிகளில் முடிந்துவிடும். அதற்கு முன்பாக, இனிமேல் யாரும் இந்தச் சிப்பைத் தொட முடியாது என்ற நிலையை உருவாக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.

யாரெல்லாம் தொடக்கூடும் என்று பார்ப்போம். டிரைவர்களின் சஸ்பெண்ட் ஃபங்ஷன்களை அழைப்பதற்கு முன்பே கெர்னல் பயனர் புரோசெஸ்களை உறையவைத்துவிடும். எனவே ரீட், ஐஆக்டில் போன்ற அழைப்புகளைப் பற்றிப் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் டைமர்களும், ஒர்க்கியூவில் (பிறகு செய்வதற்கான கெர்னலின் வேலை வரிசை) போட்ட வேலைகளும், டிரைவர் உருவாக்கிய கெர்னல் த்ரெட்களும், நீங்களே சொல்லாதவரை, உறைவதில்லை. இன்டரப்ட்களும் (சிப் கவனம் கேட்டு அனுப்பும் சிக்னல்கள்) அப்படியே. சஸ்பெண்ட், சஸ்பெண்ட் லேட், சஸ்பெண்ட் நோ-ஐஆர்க்யூ என்று மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான் கெர்னல் தானாக இன்டரப்ட்களை அடைக்கிறது. ஆகவே உங்கள் சஸ்பெண்ட் ஃபங்ஷன் ஓடும்போதும், அது முடிந்த பிறகும்கூட, உங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) அழைக்கப்படலாம். அந்த ஹேண்ட்லர் த்ரெட்டாக ஓடி ஐ2சி வழியே ரெஜிஸ்டரைப் படிப்பதாக இருந்தால், நீங்கள் லாகில் காணும் பிழை அங்கிருந்துதான் வருகிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

எனவே வரிசை முக்கியம். முதலில் இன்டரப்ட்டை நிறுத்துங்கள், அதன் பிறகு ஒர்க்கியூ வேலையை ரத்துசெய்யுங்கள். மாற்றிச் செய்தால், வேலையை ரத்துசெய்த மறுகணமே ஒரு இன்டரப்ட் வந்து அதே வேலையை மீண்டும் கியூவில் போட்டுவிடும். 'டிசேபிள்_ஐஆர்க்யூ' ஃபங்ஷன், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்துதான் திரும்பும். நமக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் ஹேண்ட்லர் எடுக்கும் அதே மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்கக்கூடிய பூட்டு) நீங்கள் கையில் வைத்துக்கொண்டு அந்த ஃபங்ஷனை அழைத்தால், ஹேண்ட்லர் மியூடெக்ஸுக்காகவும் நீங்கள் ஹேண்ட்லருக்காகவும் காத்திருந்து, இருவருமே நகர முடியாமல் போர்டு உறைந்துவிடும். இந்தத் தவறு சோதனையில் எளிதில் அகப்படாது. அந்தக் கணத்தில் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால்தான் வெளிப்படும். ஒர்க்கியூ வேலையை ரத்துசெய்யும்போதும் 'சிங்க்' என்று முடியும் வடிவத்தையே பயன்படுத்துங்கள், அங்கும் மியூடெக்ஸ் பற்றிய இதே எச்சரிக்கை பொருந்தும். இன்டரப்ட் லைனை வேறொரு சாதனத்தோடு பகிர்ந்துகொண்டிருந்தால் 'டிசேபிள்_ஐஆர்க்யூ' உதவாது. அது அந்தச் சாதனத்தின் இன்டரப்ட்டையும் சேர்த்தே நிறுத்திவிடும். அப்போது சிப்பின் இன்டரப்ட் மாஸ்க் ரெஜிஸ்டரில் எழுதி நிறுத்திவிட்டு, 'உறங்கிவிட்டது' என்று ஒரு கொடியை (ஃப்ளாக்) வைத்து, 'சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ' அழைத்த பின், ஹேண்ட்லர் அந்தக் கொடியைப் பார்த்ததும் சிப்பைத் தொடாமல் திரும்பும்படி எழுத வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மின்சாரத்தை நிறுத்தலாம். உங்கள் சிப் ஐ2சி கன்ட்ரோலரின் பிள்ளைச் சாதனம் என்பதால், பிள்ளை முதலில் உறங்கி, பெற்றோர் பிறகு உறங்கும் வரிசையைக் கெர்னலே பார்த்துக்கொள்ளும். எழும்போது இந்த வரிசை தலைகீழாகும். பெற்றோர்-பிள்ளை உறவு இல்லாமலே வேறொரு சாதனத்தைச் சார்ந்திருந்தால், 2017இல் வந்த 4.10 பதிப்பிலிருந்து அந்தச் சார்பைக் கெர்னலுக்குச் சொல்ல டிவைஸ் லிங்க் என்ற வசதி இருக்கிறது. சிப்போடு பேசும் வேலை எதையும் நோ-ஐஆர்க்யூ கட்டத்தில் வைக்காதீர்கள். பெரும்பாலான ஐ2சி கன்ட்ரோலர்கள் இன்டரப்ட்டை நம்பியே இயங்குகின்றன என்பதால் அங்கே பரிமாற்றம் நடக்காது.

எழும்போது அழைக்கப்படும் ரெசியூம் ஃபங்ஷனை எழுதும்போது சிப் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஊகிக்காதீர்கள். ரெகுலேட்டரை நீங்கள் நிறுத்தியதாலேயே மின்சாரம் நின்றது என்று பொருளாகாது. அதே ரெகுலேட்டரை இன்னொரு சாதனமும் பயன்படுத்தினால், உங்கள் அழைப்பு, பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பதோடு முடிந்துவிடும், சிப் பழைய மதிப்புகளோடு விழித்தே இருக்கும். வேறொரு போர்டில் அதே டிரைவர் ஓடும்போது மின்சாரம் முழுமையாக நின்றிருக்கும். இரண்டிலும் சரியாக இயங்க வேண்டுமென்றால், ரெகுலேட்டரை இயக்கி, டேட்டாஷீட் சொல்லும் நேரம் காத்திருந்து, சிப்புக்கு சாஃப்ட் ரீசெட் கொடுத்து, அதன் பிறகு அமைப்புகளை எழுதுங்கள். ரெக்மேப் (ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகலைக் கேஷில் வைத்துக் கையாளும் கெர்னல் வசதி) பயன்படுத்துகிறீர்கள் என்றால் இந்த ரீசெட் இன்னும் அவசியம். சஸ்பெண்ட்டில் கேஷை மட்டும் பயன்படுத்தும் நிலைக்கு மாற்றி, கேஷ் 'டர்ட்டி' என்று குறித்துவிட்டு, ரெசியூமில் 'ரெக்கேஷ்_சிங்க்' அழைப்பதுதான் வழக்கம். அப்படிக் குறித்தாலே சிப் ரீசெட் ஆகித் தொடக்க மதிப்புகளில் இருப்பதாக ரெக்மேப் எடுத்துக்கொள்ளும். தொடக்க மதிப்புக்குச் சமமானவற்றைத் திரும்ப எழுதாமலே விட்டுவிடும். சிப் உண்மையில் ரீசெட் ஆகாமல் இருந்திருந்தால், கேஷும் சிப்பும் வேறுபட்டு நிற்க இடமுண்டு. எல்லாம் முடிந்த பின் கடைசியாக இன்டரப்ட்டைத் திறந்துவிடுங்கள்.

சேர்க்கும் முறை சுருக்கமானது. 2022இல் வந்த 5.17 பதிப்பிலிருந்து 'டிஃபைன்_சிம்பிள்_டெவ்_பிஎம்_ஆப்ஸ்' என்ற மேக்ரோ இருக்கிறது. உங்கள் இரண்டு ஃபங்ஷன்களையும் கொடுத்தால் ஹைபர்நேஷனுக்கான (நினைவகத்தை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைப்பது) இடங்களையும் அதுவே நிரப்பிவிடும். டிரைவர் ஸ்ட்ரக்சரில் அதை 'பிஎம்_ஸ்லீப்_பிடிஆர்' வழியாகக் குறிப்பிட்டால், உறக்க வசதி இல்லாத கெர்னலில் கம்பைலரே அந்த ஃபங்ஷன்களை நீக்கிவிடும். பழைய டிரைவர்களில் காணும் இஃப்டெஃப் வரிகளைப் பார்த்து எழுத வேண்டாம்.

ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்டும் (அமைப்பு விழித்திருக்கும்போதே பயன்படாத சாதனத்தை மட்டும் உறங்க வைப்பது) சேர்க்கும் எண்ணம் இருந்தால், முழு அமைப்பும் உறங்கும் வேளையில் உங்கள் சிப் ஏற்கெனவே தனியாக உறங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மறக்காதீர்கள். அப்போது சஸ்பெண்ட் ஃபங்ஷன் கிளாக்கை இரண்டாம் முறை நிறுத்த முயன்று எண்ணிக்கையைக் குலைத்துவிடும். 'பிஎம்_ரன்டைம்_ஃபோர்ஸ்_சஸ்பெண்ட்' அந்த நிலையைச் சோதித்த பிறகே உங்கள் ரன்டைம் ஃபங்ஷனை அழைப்பதால், அதைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. சென்சாரே போர்டை எழுப்ப வேண்டும் என்றால் கதை வேறு: 'டிவைஸ்_மே_வேக்அப்' ஆம் என்று சொல்லும்போது மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது, இன்டரப்ட்டையும் அடைக்கக்கூடாது, 'எனேபிள்_ஐஆர்க்யூ_வேக்' மட்டும் அழைக்க வேண்டும்.

சோதனையை நேரடி உறக்கத்தில் தொடங்காதீர்கள். பவர் மேனேஜ்மென்ட் டீபக் வசதியோடு கெர்னலைக் கட்டி, '/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்' கோப்பில் 'டிவைசஸ்' என்று எழுதிவிட்டு உறங்கச் சொன்னால், கெர்னல் எல்லா டிரைவர்களின் சஸ்பெண்ட்டையும் அழைத்து, வழக்கமாக 5 விநாடி காத்திருந்து, உண்மையாக உறங்காமலே ரெசியூமை அழைக்கும். சென்சார் தரவைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே இதைப் பலமுறை ஓடவிடுங்கள். இன்டரப்ட் வரிசையில் உள்ள பிழைகள் அப்போதுதான் தலைகாட்டும். அதில் தேறியபின் 'ஆர்டிசிவேக்' (போர்டை உறங்க வைத்து, குறித்த நேரத்தில் எழுப்பும் கட்டளை) கொண்டு உண்மையான உறக்கத்தைச் சோதியுங்கள். '/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' கோப்பில் 'டீப்' தேர்வாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 'எஸ்2ஐடில்' என்ற லேசான உறக்க நிலையில் தேறிய டிரைவர், மின்சாரம் உண்மையிலேயே நிற்கும் ஆழ்ந்த உறக்கத்திலும் தேறும் என்பதற்கு உறுதியில்லை. எழாமல் நின்றுவிட்டால், கெர்னல் கட்டளை வரியில் 'நோ_கன்சோல்_சஸ்பெண்ட்' சேர்த்து சீரியல் கன்சோலைக் கவனித்தால், எந்தச் சாதனத்தின் அழைப்பில் நின்றது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.