சிங்கப்பூரில் பிடிபட்ட தாத்தா: தேடுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் வசமிருந்த சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. 17-ஆம் தேதி, பிடிபட்ட இந்திய வீரர்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். 40,000 பேருக்குக் குறையாது. சிலர் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள், சிலர் நீ சூன், பிடாடரி, செலேட்டர் முகாம்களிலேயே இருந்தார்கள், ஆயிரக்கணக்கானோரைப் பசிபிக் தீவுகளான நியூகினிக்கும் நியூ பிரிட்டனுக்கும் கப்பலேற்றினார்கள். இங்கே அவர்களைப் பற்றிக் கேளுங்கள். படை எண், படைப்பிரிவு, அந்தக் காலத்து ஊர்ப் பெயர் மூன்றில் தெரிந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியும்.

பேரணாம்பட்டிலிருந்து: எங்க தாத்தா சாப்பர்ல இருந்தாராம். ஜப்பான்காரன்கிட்ட மூணு வருஷம் கைதி. வீட்ல இருக்கறது ரெண்டு மெடலும் ஒரு போட்டோவும்தான். எண் எதுவும் தெரியாது. எங்க ஆரம்பிக்கறது ஐயா?

பதில்: எண் உங்கள் கையிலேயே இருக்கக்கூடும். இரண்டாம் உலகப்போர் மெடல்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் எல்லாம் பொறித்திருக்கும். வட்ட மெடலானால் விளிம்பில், நட்சத்திரமானால் பின்பக்கத்தில்.

தயவுசெய்து மெடலைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பாத்திரப் பவுடர், விபூதி எதுவும் வேண்டாம். பொறிப்பு ஆழமே கிடையாது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துலக்கினால் முதலில் போவது விளிம்பிலுள்ள எண்தான். அது போனால் தேடும் வழியும் போனது. இருட்டறையில் செல்போன் டார்ச்சை மெடலுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுத்தமாதிரி பிடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். மெடலை மெல்லத் திருப்பித் திருப்பி ஏழெட்டுப் படம் எடுத்தால் ஒன்றில் இல்லாவிட்டாலும் இன்னொன்றில் தெரியும். 3-ஐயும் 8-ஐயும், 1-ஐயும் 7-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகமானால் இரண்டு எண்ணையும் குறித்து வையுங்கள்.

நட்சத்திரத்தின் முன்பக்கத்தில் என்ன பெயர் என்றும் பாருங்கள். பசிபிக் ஸ்டார் என்று இருந்தால், 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை மலாயாவில் நின்றவர் என்பதற்கு வலுவான சாட்சி. பர்மா ஸ்டார் மட்டும் இருந்தால் கதை வேறாக இருக்கலாம். படைப்பிரிவு 'எஸ் அண்ட் எம்' என்று முடிந்தால் சாப்பர், அதாவது பாலம், பாதை போடும் பொறியியல் பிரிவு. 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்றால் சப்ளை, லாரி ஓட்டும் பிரிவு. 'ஐ.எச்.சி.' என்றால் ஆஸ்பத்திரிப் பிரிவு.

அதே கேள்வியாளர்: எண் கிடைச்சிடுச்சு ஐயா! அடுத்து?

பதில்: மிகவும் சந்தோஷம் அம்மா. எழுத வேண்டியது வீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு. மதராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப்) ரெக்கார்ட் ஆபீஸ். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.க்கும் பெங்களூருதான், அதன் இன்றைய பெயரில் ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் தெற்கு. ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு லக்னோ. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டன். ஆனால் ஒன்று கவனியுங்கள்: பழைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டை 1920-களிலேயே கலைத்துவிட்டு, போர் நடக்கும்போதுதான் மறுபடி எழுப்பினார்கள். "தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட், சிங்கப்பூரில் பிடிபட்டார்" என்று வீட்டில் சொன்னால், பெரும்பாலும் அவர் சாப்பரோ, சப்ளையோ, ஆஸ்பத்திரி ஆளோதான்.

கடிதம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கட்டும். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணையுங்கள். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்: "முழு சர்வீஸ் ஃபைல் வேண்டும்" என்று கேட்பார்கள். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஃபைலை 25 ஆண்டு கழித்து அழித்துவிடுவது வழக்கம். "அழிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். கேட்க வேண்டியது லாங் ரோல் பதிவு. ஆளுக்கு ஒரு வரி வீதம் எழுதிய பெரிய பேரேடு அது, நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. அதிலிருந்து நான்கே நான்கு கேளுங்கள்: சேர்ந்த தேதி, காணாமல்போனவர் அல்லது போர்க்கைதி என்று பதிந்த தேதி, மீண்டு வந்த தேதி, வெளியேறிய தேதியும் காரணமும்.

ஊரை அந்தக் காலத்து ஜில்லாப்படி எழுதுங்கள். உங்களுக்கு வட ஆற்காடு, குடியாத்தம் தாலுகா. இன்றைய மாவட்டப் பெயரில் தேடினால் அகப்படாது. நீங்கள் அவருடைய பேத்தி என்பதற்கு ஒரு சான்றும் வையுங்கள். இல்லாவிட்டால் அந்தரங்கத் தகவல் என்று மறுத்துவிட இடம் உண்டு.

மதுரையிலிருந்து: தாத்தா போர்க்கைதி. பேரனுக்குத் தியாகி பென்ஷன் உண்டா?

பதில்: இல்லை. 1972-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஐ.என்.ஏ.வினருக்குப் பொருந்தும். அவருக்குப் பிறகு மனைவி, மணமாகாத வேலையில்லாத மகள், பெற்றோர். அதோடு முடிந்தது. வெறும் போர்க்கைதியாக இருந்ததற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.

சிவகங்கையிலிருந்து: பெரியப்பாவுக்குத் திதி கொடுக்கணும். எங்களுக்கு வந்த பேப்பர்ல 15-2-1942-னு இருக்கு. ஆனா அதுக்கப்புறமும் அவரை முகாம்ல பார்த்ததா கூட இருந்தவர் சொன்னாராம். எந்தத் தேதியை வெச்சுக்கறது?

பதில்: கூட இருந்தவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். யாரும் கண்ணால் பார்க்காத சாவுக்கு ராணுவம் ஒரு தேதியை அனுமானமாக எழுதும். சரணடைந்த நாளையே இறந்த நாளாக எழுதிய பதிவுகள் ஏராளம். பேப்பரில் 'அனுமானம்' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறதா, அல்லது 'அன்றோ அதன் பிறகோ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலிலும் ஒப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. அங்கே இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்டதாகப் போட்டிருந்தால் அனுமானம் என்பது உறுதி.

திதிக்கு வழி இருக்கிறது. நாள் தெரியாமல் போனவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுப்பது நம் வழக்கம். இன்னொன்றும் சொல்கிறேன்: சிங்கப்பூர் விழுந்த நாள் சீனப் புத்தாண்டு நாள், அதாவது அமாவாசை. நம் கணக்கில் மாசி அமாவாசை. அந்த நாளையே வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

விழுப்புரத்திலிருந்து: கல்லறை ஆணையத் தேடல்ல எங்க சின்ன தாத்தா பேரே வரலை. முனுசாமி. வெறுத்துப்போச்சு.

பதில்: முனுசாமியை எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று யோசியுங்கள். முனிசாமி, மூனூசாமி, முன்னுஸ்வாமி, கடைசி 'மி'க்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல். முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இந்திய வீரர்களின் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் போட்டிருப்பார்கள். இனிஷியல் இருக்காது. எண் தெரிந்தால் எண்ணை மட்டும் போடுங்கள். தெரியாவிட்டால் பெயரை விட்டுவிட்டு, இந்தியப் படை, படைப்பிரிவு, 1942 முதல் 1945 வரை என்று வடிகட்டி, 'இன்னாரின் மகன், இன்ன ஊர்' என்ற குறிப்பைப் படியுங்கள். பொறுமை வேண்டும், ஒரு மாலைப் பொழுது போகும். ஆனால் கிடைக்கும்.

தேனியிலிருந்து: பென்ஷன் பற்றி…

பதில்: மதுரைக்குச் சொன்னதுதான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து: என் பாட்டனார் பேராக் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். 1943-ல் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் சயாம் ரயில் போட வைத்தான். திரும்பவில்லை. போர்க்கைதிகள் பட்டியலில் எங்கே தேடுவது?

பதில்: அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். சட்டப்படி அவர் போர்க்கைதி இல்லை. ஆள்பிடித்துக் கொண்டுபோன கூலித் தொழிலாளி.

கிள்ளானிலிருந்து இன்னொருவர்: இது என்ன நியாயம்? காவல், அடி, பட்டினி, சாவு எல்லாம் ஒன்று. வெள்ளைக்காரன் செத்தால் போர்க்கைதி, தமிழன் செத்தால் கூலியா? இந்த வார்த்தையை நீங்களே சொல்லலாமா?

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை அது, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனையும் சேர்ந்தது. நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர், செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்கு. செத்தவர்களை 90,000 வரை மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 7,000-க்குச் சற்றுக் குறைவான கல். அதில் ஒன்றுகூட அவர்களுக்கு இல்லை.

ஆனாலும் தேடுகிறவருக்குச் சொல்லும்போது வகையைச் சரியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். தவறான பட்டியலில் பத்து வருஷம் தேடினாலும் பெயர் வராது. கைதிகளின் முகாமில் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவர் பெயரை ஒளித்து எழுதி, டப்பாவில் போட்டுக் கல்லறைக்குள் புதைத்துக்கூட வைத்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுடன் எழுதுவதற்கு ஆள் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

கிள்ளான்: அப்படியானால் 'போர்க்கைதி' என்று நாங்கள் கல்லில் எழுதினால் பொய்யா?

சுங்கை சிப்புட்: எனக்கு வார்த்தை முக்கியமில்லை ஐயா. பேர் ஒரு இடத்தில் இருந்தால் போதும்.

பதில்: குடும்பம் வைக்கும் கல்லில் என்ன எழுதுவது என்பது குடும்பத்தின் உரிமை. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

இந்த வார்த்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. நியூ பிரிட்டனுக்கும் நியூகினிக்கும் கொண்டுபோன இந்திய வீரர்கள் விஷயத்தில், போருக்குப் பின் நியூ பிரிட்டனின் ராபவுல் நகரில் ஆஸ்திரேலிய ராணுவ நீதிமன்றங்கள் விசாரித்தபோது, ஜப்பானியத் தரப்பின் வாதமே "இவர்கள் போர்க்கைதிகள் இல்லை, எங்களோடு சேர்ந்து வேலை செய்ய வந்தவர்கள்" என்பதுதான். போர்க்கைதி என்ற பெயரைப் பறித்தால் அடித்த குற்றமும் போய்விடும் என்று பார்த்தார்கள். ஆகவே கிள்ளான் நண்பர் வார்த்தைக்காகச் சண்டை போடுவது வீண் சண்டை இல்லை.

சுங்கை சிப்புட் நண்பருக்கு: தோட்டத்தின் பெயர், அன்றைய கம்பெனிப் பெயர், கங்காணி பெயர் மூன்றையும் முதலில் எழுதுங்கள். தோட்டத்தின் ஆள்வருகைப் பேரேடான செக்ரோலில் கிராணி (கணக்குப்பிள்ளை) எழுதிய பெயர்கள்தான் ஆதாரம். போருக்கு முந்தைய செக்ரோலும் 1946-க்குப் பிந்தையதும் கிடைத்தால் ஒப்பிடலாம். மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகா ஃபைல்களைக் கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் தமிழிலேயே பேசிய பேட்டிகள் உண்டு. அவற்றில் ஆள் பெயரைத் தேடாமல் தோட்டப் பெயரையும் முகாம் பெயரையும் தேடுங்கள். 1943-இல் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று கைதிகளிலிருந்தே மருத்துவ ஆட்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் எழுதி வைத்ததில் பெயர் இல்லாவிட்டாலும், எந்த முகாமில் எந்த மாதம் எத்தனை சாவு என்பது இருக்கும். காஞ்சனபுரி போனால் வாட் தாவோன் கோயிலுக்குப் போங்கள். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைக் கூட்டி அடக்கம் செய்த இடம் அது. விளக்கேற்ற அதுதான் இடம்.

கோவையிலிருந்து: தாத்தா ஐ.என்.ஏ.வா, இல்லை கடைசிவரை கைதியா? சித்தப்பா ஒண்ணு சொல்றார், அத்தை ஒண்ணு சொல்றாங்க.

பதில்: இருவரும் சரியாக இருக்கலாம். முதல் ஐ.என்.ஏ. 1942 டிசம்பரில் கலைந்தது. அதிலிருந்து திரும்பக் கைதி முகாமுக்கே போனவர்கள் நிறைய. நேதாஜி 1943 ஜூலையில் பொறுப்பேற்ற பிறகு சேர்ந்தவர்கள் வேறு. திரும்பி வந்தவர்களை ராணுவம் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தது. வெள்ளை வேலைக்குத் திரும்பியது, கறுப்பை டிஸ்மிஸ் செய்தார்கள். லாங் ரோலில் வெளியேறிய காரணத்தைப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். மீதிக்கு, பாதுகாப்பு அமைச்சகம் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 1997-இல் கொடுத்த 990 ஐ.என்.ஏ. ஃபைல்கள். 'அபிலேக் படல்' தளத்தில் தேடலாம். எந்த வண்ணமானாலும் குடும்பத்தில் அதை வைத்துச் சண்டை வேண்டாம். பசியில் எடுத்த முடிவும் அதில் உண்டு, கொள்கையில் எடுத்ததும் உண்டு.

சேலத்திலிருந்து: சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒரு கைதி கார்டு இருக்கு. மடிப்புல கிழியுது. லேமினேட் பண்ணிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் காகிதம் கெடும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது. ஒட்டு பழுப்பாகி எழுத்தைத் தின்னும். முன்னும் பின்னும் 600 டிபிஐ-யில் வண்ண ஸ்கேன் எடுங்கள். வெற்றுப் பக்கம் என்று பின்பக்கத்தை விடாதீர்கள், தணிக்கை முத்திரை அங்கே இருக்கலாம். அமிலமில்லாத காகித உறையில் மடிப்பில்லாமல் வைத்து, இரும்பு பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். ரசகற்பூரம் காகிதத்தில் படக்கூடாது. மெடல் இருந்தால் அதையும் தேய்க்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து: முதல் உலகப்போரில் கைதியான கொள்ளுத் தாத்தா?

பதில்: சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் முதல் போரின் கைதி அட்டைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டாம் போருக்கு அப்படி இல்லை. விண்ணப்பிக்க வேண்டும், வருஷத்தில் சில நாட்கள் மட்டும் ஒரு எண்ணிக்கைவரை ஏற்பார்கள்.

ஈரோட்டிலிருந்து: எங்க மாமா ஆப்பிரிக்காவில பிடிபட்டு ஜெர்மன்காரன்கிட்ட இருந்தாராம்.

பதில்: பாதை வேறு. இத்தாலியில் அவெசானோ முகாம் இந்தியருக்கானது. பிரான்சின் எபினாலில் 1944 மே 11 அன்று அமெரிக்கக் குண்டு விழுந்து சுவர் உடைந்தபோது தப்பியவர்களில் சுமார் 500 பேர் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் யாராவது 'சுவிஸ்' என்று சொன்னதுண்டா என்று கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: 1971 போரில் காணாமல் போனவர்கள் பற்றி?

பதில்: என் துறை இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: லண்டன்ல இருந்து ரெக்கார்டு எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் 40 ஆயிரம் கேக்கறார். அப்படியே பேரனுக்கு பென்ஷனும்…

பதில்: கொடுக்காதீர்கள். சாதாரண இந்தியச் சிப்பாயின் சர்வீஸ் பதிவு லண்டனில் இல்லை, ரெக்கார்ட் ஆபீஸில்தான். ராபவுல் விசாரணை ஃபைல்களில் இந்தியர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் வேண்டுமானால், ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ471 வரிசை. பலவற்றை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், வீட்டிலிருந்தே படிக்கலாம். பென்ஷனுக்குப் பதில் மேலே இருக்கிறது.

பேரணாம்பட்டு மறுபடியும்: தாத்தாவோட தம்பியும் சாப்பர்தான், அவர் திரும்பலை. அடுத்த மாசம் சிங்கப்பூர் போறோம். கிராஞ்சி போர் நினைவிடத்துல பேரை எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: கிளம்பும் முன்பே ஆணையத் தளத்தில் அவருடைய பதிவை அச்சிட்டுக்கொள்ளுங்கள், அதில் தூண் எண் இருக்கும். நினைவுச் சுவர்களில் 24,000-க்கு மேல் பெயர்கள். படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் அகர வரிசை. எண் இல்லாமல் போனால் வெயிலில் அலைவீர்கள். பதிவில் 'தகன நினைவிடம்' என்று இருந்தால் சுவரில் தேடாதீர்கள். தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியர்கள், அதே வளாகத்தில் தனி நினைவிடம் இருக்கிறது. கிராஞ்சி எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். காலையில் போங்கள். பெயரைத் தொட்டுப் பார்க்கலாம், கல்லில் குங்குமமோ எண்ணெயோ வைக்க வேண்டாம், கறை போகாது. பூவைக் கீழே வையுங்கள்.